மேற்கோட் குறியும் மக்கள் மொழியும்

இலக்கிய விமரிசனம் கருத்துக்களைப் பற்றியது, அச்செழுத்துக்களைப் பற்றியதன்று என எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். ஒரு சொல்லைத் தடித்த எழுத்தில் இடுவதா, சாய்வெழுத்தில் இடுவதா, மேற்கோட் குறிகளுக்கு நடுவே வைப்பதா என்பன அச்சுக்கோப்பாளரும் ஒப்புநோக்குபவரும் தம்முள் தீர்த்துக்கொள்ள வேண்டிய சில்லறைக் காரியங்கள் என்பது அவர்தம் கருத்து. நாம் அவ்வாறு கருதவில்லை. எந்தச் சொல்லைத் தன்னுடையதெனக் கூச்சமின்றிப் பக்கத்தில் வைக்கின்றது, எந்தச் சொல்லைக் குறிகளால் வேலியிட்டு நிறுத்துகின்றது என்பதைக் கொண்டே ஒரு சமுதாயத்தின் மனத்தை ஓரளவுக்கு அளந்துவிடலாம். ஈழத்துத் தமிழ்ப் புனைகதையிலும் விமரிசனத்திலும் இவ்வேலி எவ்வாறு இடப்பட்டு வந்துள்ளது, அது எங்கே தேவை, எங்கே தீங்கு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் குறியின் நியாயமான பணி யாதெனக் காண்போம். "மரம் நிழல் தரும்" என்னும்போது நாம் பேசுவது மண்ணில் வேரூன்றி நிற்கும் மரத்தைப் பற்றி. "மரம் மூன்றெழுத்துச் சொல்" என்னும்போது பேசுவது அம்மரத்தின் பெயரைப் பற்றி. வேரும் கிளையுமுடைய மரத்துக்கு எழுத்துக்கள் இல்லை. முன்னைய வாக்கியத்திற் சொல் தன்னை மறைத்துப் பொருளைக் காட்டுகின்றது. பின்னையதிற் பொருளை மறைத்துத் தன்னைக் காட்டுகின்றது. இவ்வேறுபாட்டைத் தெளிவுபடுத்தாது எழுதினால், சொற்களைப் பற்றிய எந்த ஆராய்ச்சியும் குழம்பிவிடும். ஆகவே பின்னைய வாக்கியத்தில் 'மரம்' என்னும் சொல்லுக்கு ஓர் அடையாளம் இடுகின்றோம். ஆங்கிலத்தார் இதற்குச் சாய்வெழுத்தைப் பெரிதும் கையாளுவர். தமிழில் ஒற்றை மேற்கோட் குறியே பெருவழக்கு.

இந்நுட்பம் முழுவதும் மேனாட்டு அச்சுக்கலையோடு நமக்கு வந்து சேர்ந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. அச்சோடு வந்தது குறி மட்டுமே; வேறுபாட்டை உணர்ந்த அறிவு அதற்கு மிக முந்தியது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துப் பெயரியல், ஒரு சொல் தன்னின் வேறாகிய பொருளை அறிவித்தலும் உண்டு, தன்னையே அறிவித்தலும் உண்டு என்பதை எடுத்துக்கூறி, முன்னையதைப் பொருண்மை என்றும் பின்னையதைச் சொன்மை என்றும் வழங்குகின்றது. சொல்லைப் பயன்படுத்துவது வேறு, சொல்லைச் சுட்டிப் பேசுவது வேறு என்று இருபதாம் நூற்றாண்டின் தருக்கவியலாளர் வற்புறுத்தினர். அமெரிக்கரான குவைன் 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிதத் தருக்க நூலில் மேற்கோட் குறியின் பயனை இவ்வடிப்படையிலேயே விளக்கினார். பொருண்மை, சொன்மை என்னும் நம் பழைய கலைச்சொற்கள் இரண்டும் இவ்வாராய்ச்சிக்கு இன்றும் போதுமானவை. இக்கட்டுரையில் அவற்றையே கையாளுவோம்.

ஏட்டுச் சுவடிகளில் மேற்கோட் குறி இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியே பெரும்பாலும் இடப்படுவதில்லை. ஆயினும் உரையாசிரியர்கள் ஆயிரக்கணக்கான சொற்களை எடுத்தாண்டு விளக்கினர். 'என்னும்', 'என்பது', 'என்றது' ஆகிய சொற்கள் அவர்களுக்குக் குறிகளாய் நின்றன. கண்ணாற் படிப்போனுக்கு மட்டுமன்றிக் காதாற் கேட்போனுக்கும் சொன்மை விளங்கிற்று. ஒருவர் படிக்கப் பலர் கேட்ட சமுதாயத்துக்கு இம்முறை மிகப் பொருத்தமானது. தமிழ் நூல்கள் 1578ஆம் ஆண்டில் அச்சேறத் தொடங்கிய பின்னரும் நெடுங்காலம் இந்நிலையே நீடித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822-1879) நிறுத்தக் குறிகளைத் தம் உரைநடையிலும் பதிப்புக்களிலும் ஒழுங்குறக் கையாண்டமை தமிழ் அச்சுக்கு ஒரு திருப்பமாயிற்று.

சாய்வெழுத்தின் வரலாறு இன்னும் சுவையானது. வெனிஸ் நகரின் அச்சாளரான ஆல்டஸ் மனூஷியஸ், போலோஞாவைச் சேர்ந்த பிரான்செஸ்கோ கிரிஃபோ என்னும் எழுத்து வார்ப்பாளர் செதுக்கிய சாய்வெழுத்தைக் கொண்டு 1501ஆம் ஆண்டில் உரோமக் கவிஞர் வேர்ஜிலின் நூலை அச்சிட்டார். அன்று சாய்வெழுத்து ஒரு சொல்லைத் தனித்துக் காட்டும் குறியன்று. நூல் முழுவதற்கும் உரிய எழுத்தாகவே அது பயன்பட்டது. கற்றோரின் கையெழுத்தைப் போன்றிருந்தமை அதற்கு மதிப்புத் தந்தது. காலப்போக்கில் நேரெழுத்துப் பொதுவெழுத்தாகி நிலைபெற, சாய்வெழுத்து அழுத்தத்துக்கும், நூற்பெயருக்கும், அந்நியச் சொல்லுக்கும், சொன்மைக்கும் உரிய துணையெழுத்தாயிற்று. இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. எழுத்தின் வடிவத்திற் பொருள் இயற்கையாக உறைவதில்லை. எது பொது, எது விலக்கு என்று சமுதாயம் தீர்மானிக்கின்றது. அச்சு அதற்கு உருக் கொடுக்கின்றது.

தமிழ் எழுத்துக்குச் சாய்வு மரபுண்டென்று சொல்ல முடியாது. ஈயவெழுத்துக் காலத்தில் நம் சிறிய அச்சகங்களுள் தமிழ்ச் சாய்வெழுத்து வைத்திருந்தவை அரியன. தடித்த எழுத்து தலைப்புக்கு வேண்டியிருந்தது. ஆகவே ஒற்றை மேற்கோட் குறி ஒன்றே பல தொழில் செய்ய வேண்டியதாயிற்று. சொன்மையைக் காட்டுவது அது. நூற்பெயரைக் காட்டுவது அது. புதிய கலைச்சொல்லை அறிமுகப்படுத்துவது, பிறமொழிச் சொல்லை அடையாளப்படுத்துவது, ஏளனம் செய்வது, பேச்சுவழக்கைத் தனித்துக் காட்டுவது ஆகிய யாவும் அதன் தலையிலேயே விழுந்தன. இன்று கணினி வந்துவிட்டது. ஒரு விசையை அழுத்தினால் எந்தத் தமிழெழுத்தும் சாயும். ஆனால் அவ்வாறு சாய்வது பெரும்பாலும் வரைந்து அமைத்த எழுத்தன்று, நேரெழுத்தை இயந்திரம் தள்ளிச் சரித்த வடிவமே. கருவி பெருகியதேயன்றிக் குழப்பம் குறையவில்லை. எக்குறி எதற்கு என்ற தெளிவு எழுத்தாளனிடம் இல்லையாயின், பத்துக் குறிகள் இருந்தும் பயனில்லை.

இனி நம் முதன்மையான வினாவுக்கு வருவோம். ஒரு கதையிற் பின்வரும் வாக்கியங்கள் வருவதாகக் கொள்வோம்: "கந்தன் 'தளநாரை'க் காலில் மாட்டி, 'முட்டி'யை இடையிற் கட்டிக்கொண்டு பனையில் ஏறினான். முதலாளி குசினியிலிருந்து வந்து கதிரையில் அமர்ந்து பாண் தின்றார்." இவை நாம் எடுத்துக்காட்டுக்காக அமைத்த வாக்கியங்களே. எனினும் இவற்றைப் போன்றவற்றை ஈழத்துப் பழைய சஞ்சிகைகளைப் புரட்டுவோர் எளிதிற் காண்பர். இங்கே 'தளநார்', 'முட்டி' என்பன குறிக்குள் நிற்கின்றன. 'குசினி', 'கதிரை', 'பாண்' என்பன குறியின்றி நிற்கின்றன. யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயரின் மொழியிலிருந்து வந்த சொற்கள் பின்னைய மூன்றும். முன்னைய இரண்டும் சீவற்றொழிலாளியின் அன்றாடத் தமிழ்ச் சொற்கள். அந்நியன் தந்த சொல் வீட்டுக்குள் கதிரை போட்டு அமர்ந்திருக்க, மண்ணின் சொல் வாசலில் நிறுத்தப்பட்டிருக்கின்றது!

பிறமொழிச் சொற்களை விலக்க வேண்டும் என்பதன்று நம் வாதம். 'கதிரை' நம்முடையதாகிவிட்டது, அதைக் குறியின்றி எழுதுவதே முறை. நாம் வினவுவது இதுதான்: நாநூறு ஆண்டுகளுக்குள் 'கதிரை'க்குக் கிடைத்த உரிமை 'தளநாரு'க்கு ஏன் கிடைக்கவில்லை? விடை மொழியியலில் இல்லை. சமுதாய அமைப்பில் இருக்கின்றது. 'கதிரை' அதில் அமர்ந்தவர்களின் சொல். 'தளநார்' அதை மாட்டி ஏறியவர்களின் சொல். எழுதியோரும் அச்சிட்டோரும் வாசித்தோரும் பெரும்பாலும் முன்னைய வகுப்பைச் சார்ந்தவராயிருந்த காலத்தில், எது பொதுச்சொல், எது விசித்திரச்சொல் என்பதை அவ்வகுப்பே தீர்மானித்தது.

இதனால் விளையும் கேட்டைச் சரியாக உணர்தல் வேண்டும். கந்தனுக்குத் 'தளநார்' என்னும் சொல்லைப் பற்றி அக்கறையில்லை. நாரைப் பற்றியே அக்கறை. அது அறுந்தால் அவன் உயிர் போகும். அவன் வாயில் அச்சொல் முழுக்க முழுக்கப் பொருண்மையாய் நிற்கின்றது. ஆசிரியர் அதற்குக் குறியிட்ட மாத்திரத்தே அது சொன்மையாய் மாறிவிடுகின்றது. வாசகன் காண்பது நாரையன்று. இவர்கள் இதற்கு இப்படியும் ஒரு பெயர் சொல்வார்களாம் என்னும் புதுமையையே காண்கின்றான். தொழிலாளியின் காலிலுள்ள கருவி மறைந்து, அவன் நாவிலுள்ள வினோதம் மேலெழுகின்றது. யதார்த்தத்தைத் தீட்டப் புகுந்த எழுத்தாளன், தன்னையறியாமலே அதைக் காட்சிச்சாலைப் பொருளாக்கி விடுகின்றான்.

குறி இன்னொன்றையும் சொல்லாமற் சொல்கின்றது. "இச்சொல் என்னுடையதன்று, நான் இதைவிட நல்ல தமிழ் அறிவேன், பாத்திரத்துக்காக இதைத் தொட்டேன்" என்று ஆசிரியர் தம்மையொத்த வாசகரிடம் விண்ணப்பிக்கும் விண்ணப்பம் அது. சொல்லைத் தீட்டுப்படாமல் எடுக்க உதவும் இடுக்கியாக மேற்கோட் குறி பயன்படுகின்றது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பேணி வைத்திருந்த காலமொன்று இருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபரில் எழுச்சி பெற்ற தீண்டாமை ஒழிப்புப் போராட்டங்கள் பல தேநீர்க்கடைகளையும் கோயில்களையும் அம்மக்களுக்குத் திறந்துவிடச் செய்தன. கடையிலே தனிப் பேணி வைத்திருந்த சமுதாயம் வாக்கியத்திலே தனிக் குறி வைத்திருந்ததில் வியப்பில்லை. பேணி போன பின்பும் குறி எஞ்சியிருப்பதே வியப்பு.

சாதி, தொழில் வேறுபாடுகள் மட்டுமன்றிப் பிரதேச வேறுபாடும் இவ்வாறே குறிக்குள் அடைக்கப்படுகின்றது. 'உவன்', 'உது', 'உங்கை' ஆகிய சொற்களை யாழ்ப்பாணத்து மக்கள் நாள்தோறும் வழங்குகின்றனர். தொல்காப்பியம் அகரம், இகரம், உகரம் என மூன்று சுட்டெழுத்துக்களைக் கூறும். தமிழகத்துப் பொதுப் பேச்சில் உகரச் சுட்டு வழக்கிழந்தது. யாழ்ப்பாணத்திலோ அது உயிரோடுள்ளது. இலக்கண நூல் வாழ வைத்த சொல்லை மக்கள் நாவும் வாழ வைத்திருக்கின்றது. அச்சொல்லையே பிரதேசக் கொச்சை எனக் கருதிக் குறிக்குள் இட்டு நம்மவர் எழுதுவது எத்தகைய தாழ்வு மனப்பான்மை! எது மையம், எது ஓரம் என்பதைத் தொன்மையும் தீர்மானிப்பதில்லை, இலக்கணமும் தீர்மானிப்பதில்லை. நூல் எங்கே அச்சாகின்றது, எங்கே விலையாகின்றது என்பவையே தீர்மானிக்கின்றன.

அகராதிகளை இங்கு நோக்குதல் பயன் தரும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், யாழ்ப்பாண வழக்குகளைக் காட்ட 'ஜே' என்னும் ஆங்கில எழுத்தைக் குறியாக இட்டது. இதில் நாம் குறை காணவில்லை. அகராதியில் எல்லாச் சொல்லுமே சொன்மையாய் நிற்பன. எங்கு வழங்குவது என்பதைக் குறித்தல் அகராதிக்காரன் கடமை. ஆனால் அகராதியின் குறி மெல்லக் கதைக்குள் நுழைந்துவிடுகின்றது. குறி பெற்ற சொல் ஐயத்துக்குரியது, குறி பெறாத சொல் இயல்பானது என்னும் மனப்பதிவு உண்டாகின்றது. குறியின்மையே ஒரு சலுகையாகி விடுகின்றது.

ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் முதற் பதிப்பு 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே, சொற்களை இயல்குடிகள், குடியேறியோர், அந்நியர், வந்து போவோர் என்னும் கருத்துப்பட நால்வகையாக்கினார். ஆங்கிலத்தில் முற்றாகக் கலவாத சொற்களின் முன்னே இரு நிமிர்ந்த கோடுகள் இடப்பட்டன. குடியுரிமைப் பரிசோதனை சொற்களுக்கும் நடந்தது என்க. பேரரசின் அகராதி பேரரசின் சொற்களிலேயே சிந்தித்தது இயற்கையே.

நம் நாட்டில் இவ்வுவமை வெறும் உவமையாக நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அக்குறை சட்ட அளவில் முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. அம்மக்கள் வழங்கும் 'லயன்', 'பிரட்டு', 'கங்காணி' முதலிய சொற்கள் அவர்தம் உழைப்பின் வரலாற்றைச் சுமந்து நிற்பன. மலையகத்துக்கு வெளியே வாழும் தமிழ் எழுத்தாளன் அவர்களைப் பற்றி எழுதும்போது இச்சொற்களைக் குறிக்குள் அடைப்பானாயின், சட்டம் செய்ததையே அவனும் சிறிய அளவிற் செய்கின்றான். உழைப்பை ஏற்றுக்கொண்டு உழைப்பவன் நாவை அந்நியமாக்குவதில் என்ன மனிதாபிமானம் இருக்கின்றது?

இவ்விடத்தில் மரபுவாதிகள் ஒரு மறுப்பை எழுப்புவர். 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின்போது எழுந்த மறுப்பே அது. உழைக்கும் மக்களின் பேச்சை முற்போக்கு எழுத்தாளர் கதைகளிற் கையாண்டபோது, பண்டிதர் சிலர் அதை 'இழிசனர் வழக்கு' என்றனர். வழக்கு என்பது உயர்ந்தோரைச் சார்ந்தது எனத் தொல்காப்பிய மரபியல் கூறுவதை அவர்கள் சான்று காட்டினர். அச்சான்று பொய்யன்று. ஆனால் அதே தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக எண்ணுகின்றது. திசைச்சொல் செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த நாடுகளின் வழக்கு. அதைச் செய்யுளுக்குள் நூல் அனுமதிக்கின்றது. அனுமதிக்கும்போது வேலியிட்டு அனுமதிக்க வேண்டுமென்று கூறவில்லை. மரபின் பெயரால் மக்கள் மொழியை விலக்கியோர் மரபின் ஒரு பாதியையே படித்தனர்.

ஆனால் இங்கேதான் வாசகர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'இழிசனர்' என்னும் சொல்லை நாம் குறியின்றி எழுதவில்லை. குறி எங்கே தீங்கு என்று இதுவரை கூறினோம். குறி இல்லாமையே தீங்காகும் இடமும் உண்டு. இச்சொல்லைக் குறியின்றித் தன் வாக்கியத்தில் வைக்கும் விமரிசகன், ஒரு கூட்டத்தார் இழிந்தோர் என்ற தீர்ப்பைத் தானே வழங்கிவிடுகின்றான். பிறர் கூற்றை எடுத்துரைப்பதாக அவன் நினைக்கலாம். வாக்கியம் அவ்வாறு சொல்லவில்லை. மலையக மக்களை இகழ வழங்கிய 'கள்ளத்தோணி' என்னும் சொல்லும் இத்தகையதே. இச்சொற்களை வரலாற்றிலிருந்து மறைத்தல் கூடாது. மறைத்தால் இழைக்கப்பட்ட அநீதியும் மறைந்துபோம். அவற்றைச் சொல்ல வேண்டும். ஆனால் சொல்லாகவே காட்ட வேண்டும். இங்கே சொன்மைக் குறி நீதியின் கருவியாகின்றது. பொருண்மையாய் உலவிய வசையைப் பிடித்து நிறுத்தி, இதோ இது ஒரு சொல், இதைச் சிலர் சொன்னார்கள் என்று குறி சாட்சியம் கூறுகின்றது.

ஒடுக்கப்பட்டோர் தாமே இத்தகைய சொல்லை எடுத்தாளும்போது நிலைமை மீண்டும் மாறுகின்றது. கே. டானியல் தம் நாவலொன்றுக்குப் "பஞ்சமர்" என்று பெயரிட்டு 1972ஆம் ஆண்டில் வெளியிட்டார். நால்வருணத்துக்குப் புறம்பானவர் என்று தள்ளி வைக்கச் சாதியமைப்புச் சூட்டிய பெயர் அது. அதையே நூலின் முகப்பில் ஏற்றியதன் மூலம், பெயர் சூட்டியவர்களின் கையிலிருந்து அச்சொல்லை அவர் பறித்துவிட்டார். அதைச் சூட்டியவன் வாயில் வசையாயிருந்தது சுமந்தவன் கையில் வழக்காவணமாயிற்று. எனவே ஒரு சொல்லுக்குக் குறி வேண்டுமா வேண்டாமா என்பதை அச்சொல்லை மட்டும் நோக்கித் தீர்மானிக்க முடியாது. யார், யாரிடம், எந்நிலையில் நின்று பேசுகின்றார் என்பதை நோக்கியே தீர்மானித்தல் வேண்டும்.

நடைமுறை சார்ந்த மறுப்புக்கள் இரண்டுள. ஒன்று, வாசகனுக்கு விளங்காது என்பது. ஈழத்துக் கதைகளுக்கு அடிக்குறிப்பு வேண்டும் என்ற குரல் தமிழகத்திலிருந்து ஒரு காலத்தில் எழுந்ததுண்டு. தி. ஜானகிராமனின் பாத்திரங்கள் தஞ்சை மாவட்டத்துப் பிராமணப் பேச்சைச் சரளமாகப் பேசுகின்றன. அவற்றை வட்டுக்கோட்டையிலும் மட்டக்களப்பிலும் இருந்து படித்தவர்கள் அடிக்குறிப்புக் கேட்கவில்லை. வாக்கியத்தின் போக்கிலே பொருளை உணர்ந்து, பாத்திரங்களோடு பழகிப் பழகி அம்மொழியைக் கற்றுக்கொண்டனர். ஒரு கரை வாசகன் செய்யும் முயற்சியை மறுகரை வாசகனும் செய்யலாம். நூலின் இறுதியில் அருஞ்சொல் அகரவரிசை சேர்ப்பதை நாம் எதிர்க்கவில்லை. அது சொன்மைக்குரிய இடம்; அங்கே சொல்லைச் சொல்லாக விளக்குவதிற் குற்றமில்லை. கதையின் நடுவே, உயிருள்ள பேச்சின் நடுவே வேலியிடுவதையே எதிர்க்கின்றோம். அமெரிக்காவில் எழுதும் யூனோ டியாஸ் 2007ஆம் ஆண்டில் வெளியான ஒஸ்கார் வாவ் பற்றிய தம் நாவலில் ஸ்பானியச் சொற்களைச் சாய்வெழுத்தில் இடாமலும் மொழிபெயர்க்காமலும் ஆங்கிலத்தோடு கலந்து எழுதினார். மறு ஆண்டே அந்நாவல் புலிட்சர் பரிசைப் பெற்றது. வாசகர் ஓடிவிடவில்லை.

மற்றைய மறுப்பு அச்சகத்திலிருந்து வருவது. குறியிடாவிட்டால் அச்சுக்கோப்பாளரோ ஒப்புநோக்குபவரோ 'கெதியாய்' என்பதைப் பிழையென எண்ணி 'விரைவாய்' எனத் திருத்திவிடுவர். அதைத் தடுக்கவே குறி என்பர் சிலர். இதில் உண்மை உண்டு. இன்று கணினியின் பிழைதிருத்தியும் அதே வேலையைச் செய்கின்றது. ஆயினும் இதற்கு மருந்து கைப்பிரதியின் ஓரத்தில் எழுதும் குறிப்பேயன்றி, அச்சான பக்கத்தில் நிரந்தரமாய் நிற்கும் குறியன்று. கட்டடம் எழுந்த பின்னரும் சாரத்தைக் கழற்றாது விடுவார் உண்டோ?

ஆயினும் குறியை நீக்கியதோடு கடமை முடிந்தது என்று எழுத்தாளர் திருப்தியடைதல் கூடாது. நம் கதைகள் பலவற்றில் ஆசிரியர் கூற்று முழுவதும் செந்தமிழில் நடக்க, பாத்திரங்களின் உரையாடல் மட்டும் மக்கள் மொழியில் அமைகின்றது. உரையாடலின் இரட்டை மேற்கோட் குறியே அப்போது பெரிய வேலியாகின்றது. வேலிக்கு உள்ளே மக்கள், வெளியே ஆசிரியர். இவ்வமைப்பு எப்போதும் தவறென்று கூறமாட்டோம். ஆசிரியர் கூற்றுக்கு ஒரு பொதுநடை வேண்டப்படலாம். ஆனால் 'ஒழுங்கை', 'படலை', 'வளவு', 'கரைவலை' போன்ற சொற்கள் ஆசிரியர் கூற்றிலும் தயக்கமின்றி வரும்போதுதான் எழுத்தாளனும் பாத்திரமும் ஒரே மண்ணில் நிற்பதை வாசகன் உணர்வான்.

விமரிசகர் பக்கமும் ஒரு குறை உண்டு. வாதம் இல்லாத இடத்தில் மேற்கோட் குறியை வாதமாக்கும் பழக்கம் அது. முற்போக்கு இலக்கியத்தை வெறுப்போர் 'முற்போக்கு' என்று குறிக்குள் இட்டு எழுதிவிட்டாற் போதும், அது முற்போக்கன்று என்று நிறுவிவிட்டதாக எண்ணினர். முற்போக்கு முகாமிலும் எதிர்த்தரப்பின் 'தூய்மை'யையும் 'அழகிய'லையும் அவ்வாறே குறிக்குள் இட்டு ஏளனம் செய்தோர் இருந்தனர். இரண்டும் ஒன்றே. எதிரி தவறான பொருளில் ஒரு சொல்லை ஆள்கின்றான் என்றால், அது எப்படித் தவறு என்று கூறுதல் வேண்டும். புருவத்தை உயர்த்திக் காட்டுவது விமரிசனமாகாது. அத்தகைய குறிகள் மலிந்த கட்டுரையில், நேர்மையாகச் சொன்மையைக் காட்ட வரும் குறியும் ஏளனமென்றே கருதப்பட்டு மதிப்பிழந்துவிடும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், எழுத்தாளரும் விமரிசகரும் பதிப்பாளரும் கைக்கொள்ளத்தக்க நெறிகள் மூன்று புலனாகின்றன. முதலாவது, ஒரு சொல்லைப் பற்றிப் பேசும்போது தவறாது குறியிட வேண்டும். இயன்றவிடத்து 'என்னும் சொல்' என்பதையும் சேர்த்தெழுத வேண்டும். ஒற்றை மேற்கோளை ஆண்டாலும் சாய்வெழுத்தை ஆண்டாலும் ஒரு நூல் முழுவதும் ஒரு முறையே நிற்க வேண்டும். இரண்டாவது, ஒரு சொல்லைப் பேசும்போது, அது சீவற்றொழிலாளியின் சொல்லாயினும் மீனவனின் சொல்லாயினும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சொல்லாயினும், குறியின்றி நிமிர்ந்து நிற்கவிட வேண்டும். மூன்றாவது, மனிதரை இழிவுபடுத்தப் பிறந்த சொல்லை எடுத்தாள நேரும்போது அதை நம் சொல்லாக்காமல், சொன்னவர்களின் சொல்லாகவே காட்ட வேண்டும்.

இந்நெறிகளுக்குப் பெருஞ்செலவில்லை, புதிய எழுத்துருவும் வேண்டியதில்லை. வேண்டியது ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கணம் நின்று, இங்கே நாம் சொல்லைக் காட்டுகின்றோமா, பொருளைக் காட்டுகின்றோமா, சொல்லைக் காட்டுவதாயின் யாருக்காகக் காட்டுகின்றோம் என்று வினவும் பழக்கமே. மக்கள் இலக்கியம் என்பது மக்களைப் பற்றி எழுதுவது மட்டுமன்று. மக்களின் சொல்லை நம் சொல்லாக ஏற்று எழுதுவதுமாகும். தளநாரும் முட்டியும் குறியின்றிப் பக்கத்தில் நிற்கும் நாளில், அவற்றை வைத்துப் பிழைக்கும் மனிதனும் அப்பக்கத்திற் சமமாக நிற்பான். அந்நாளை விரைவுபடுத்துவது எழுதுகோல் பிடித்த நம் ஒவ்வொருவரின் கையிலும் உள்ளது.